இரண்டு பட்டை, மூன்று நட்சத்திரம்: வாஷிங்டன் என்ற பெயரின் தடத்தில்

செவ்வாய், வாஷிங்டன் கிராமம்

நியூகாசிலில் பஸ் ஏறி, வரிசை வீடுகளையும் வட்டச் சந்திப்புகளையும் கடந்து வந்து இறங்கினேன். இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள இந்த வாஷிங்டன், நிலக்கரிச் சுரங்கங்களால் பிழைத்த ஊர். 1964இல் இதைப் புதுநகரமாக அறிவித்தார்கள். இன்று சண்டர்லாந்து நகரின் ஒரு பகுதி. பழைய கிராமம் மட்டும் நடுவே ஒதுங்கி நிற்கிறது. மேட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயம், அதை ஒட்டிய சரிவில் ஓல்டு ஹால் என்ற கல்வீடு.

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வழியாக அந்நாட்டுத் தலைநகருக்கும் ஒரு மாநிலத்துக்கும் போய்ச் சேர்ந்த பெயர் புறப்பட்ட இடம் இதுதான். ஹ்வஸ்ஸா என்ற பழைய சாக்சன் தலைவனின் மக்கள் குடியிருந்த பண்ணை என்பதே ஊர்ப்பெயரின் மூலம் என்று சொல்லப்படுகிறது. ஊருக்கு அந்தப் பெயர் அமைந்து பல தலைமுறைகள் கழித்துத்தான் அது ஒரு குடும்பத்தின் பெயராகிறது. அது நடந்த விதத்தை ஓர் ஆவணம் தெளிவாகக் காட்டுகிறது.

1086இல் வில்லியம் மன்னர் எடுத்த பெரிய நிலக் கணக்கெடுப்பில் டர்ஹாம் பகுதி இல்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதுபோல 1183இல் டர்ஹாம் பிஷப் ஹியூ டு பூயிசே தன் நிலங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். அதன் பெயர் போல்டன் புத்தகம். ஹார்ட்பர்ன் என்ற ஊரை விட்டுக்கொடுத்து, அதற்கு மாற்றாக வாஷிங்டனை வைத்திருக்கிறார் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்று அதில் எழுதியிருக்கிறது. தேவாலயமும் அதன் நிலமும் அவருக்கு இல்லை. ஆண்டுக்கு 4 பவுண்டு செலுத்த வேண்டும். பிஷப்பின் பெருவேட்டைக்கு 4 வேட்டை நாய்களோடு போக வேண்டும்.

ஹார்ட்பர்னில் இருந்தவரை அவர் ஹெர்ட்பர்ன்காரர். நிலத்தை மாற்றிக்கொண்டதும் அந்தக் குடும்பம் டி வெஸ்ஸிங்டன், அதாவது வாஷிங்டன்காரர், ஆகிவிட்டது. ‘பரம்பரைப் பெயர்’ என்று பிற்காலத்தார் பெருமிதத்தோடு சொன்ன ஒன்று, தொடக்கத்தில் எந்த நிலம் யார் கையில் என்பதற்கான அடையாளமாகத்தான் இருந்திருக்கிறது. நிலம் மாறினால் பெயரும் மாறும். அந்தப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்தாக உறைந்தது பிறகுதான்.

ஓல்டு ஹாலின் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பழைய மாளிகையின் மிச்சம் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நிற்கும் கல் வளைவுகளில் இருக்கிறது. ஒரு வளைவின் விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன். மணற்கல் மழமழவென்று தேய்ந்து, முழங்கை உயரத்தில் மட்டும் சற்றே கறுத்திருக்கிறது. மூத்த கிளையின் ஆண்வழி 1400ஐ ஒட்டி அற்றுப்போய், வீடு பெண்வழியில் சென்று, 1613இல் டர்ஹாம் பிஷப்பிடம் விற்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் இதைத் தடுத்துத் தடுத்து ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 1930களில் குடியிருக்கத் தகுதியற்றது என்று இடிக்கும் நிலைக்கு வந்தது. உள்ளூர்க்காரர்கள் குழு அமைத்துக் காப்பாற்றினார்கள். 1955இல் அமெரிக்கத் தூதர் வந்து திறந்துவைத்தார். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த மாடி அறையை அந்தக் கால நிலையிலேயே காட்டுகிறார்கள். அது எனக்குப் பிடித்தது. இந்தக் கூரையின் கீழ் வாஷிங்டன்கள் அல்லாதவர்கள் வாழ்ந்த காலமும் நீண்டதுதான்.

புதன், டர்ஹாம், பிறகு செல்பி

காலையில் டர்ஹாம் தேவாலயம். உள்மண்டபத்தின் பருத்த தூண்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் பெயரின் கதை நின்றுவிடும். நேராக முற்றத்தைச் சுற்றிய நடைக்கூடத்துக்குப் போனேன். அங்கே ஜான் வாஷிங்டன் என்ற துறவிக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1416 முதல் 1446 வரை இந்த மடத்தின் தலைவராக இருந்தவர். அவர் குடும்பம் அவர் அறியாத தேசங்களில் அழியாப் புகழ் பெற்றது என்ற பொருளில் அதில் பொறித்திருக்கிறார்கள். கொலம்பஸ் கடலேறுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே மறைந்தவரைப் பற்றிய வரி அது. கடைசிச் சொற்களுக்கு வந்ததும் பலகையின் முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

மதியம் யார்க்கில் ரயில் மாறி செல்பி. 1069இல் நிறுவப்பட்ட மடத்தின் தேவாலயம். இங்கே வந்தது ஒரே ஒரு கண்ணாடித் துண்டுக்காக. கிழக்குப் பகுதியின் தென்சுவரில், தலைக்கு மேல் வெகு உயரத்தில், மேல்வரிசைச் சன்னல்களில் ஒன்றில் அது இருக்கிறது. கைத்தொலைநோக்கி இல்லாமல் போனால் சிவப்புப் புள்ளிகள்தான் தெரியும். கண்ணை இடுக்கிப் பார்த்து, கழுத்து வலித்து, ஒரு வழியாகப் பிடிபட்டது: வெள்ளைக் கேடயம், குறுக்கே இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே ஒரே வரிசையில் மூன்று சிவப்பு நட்சத்திரங்கள்.

வாஷிங்டன் குடும்பத்தின் சின்னம் இது. 14ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த வடிவத்தில் வழங்குகிறது. 1906இல் இந்தத் தேவாலயத்தில் பெருந்தீ பிடித்து கூரை எரிந்து விழுந்தது. இந்தச் சிறு கண்ணாடி தப்பியது வியப்புதான். இடைக்காலத்துச் சிவப்புக் கண்ணாடி முழுக்கச் சிவப்பாக இருக்காது. அவ்வளவு தடிமனில் சிவப்பு ஒளியை விடாது, கறுப்பாகத் தெரியும். எனவே நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலம் ஒன்றை ஏற்றுவார்கள். மாலை வெயில் சாய்ந்தபோது அந்தப் பட்டைகள் பழுக்கக் காய்ச்சிய இரும்புபோல ஒளிர்ந்தன.

நட்சத்திரம் என்று எழுதிவிட்டேன். குலச்சின்னக் கலையில் தேர்ந்தவர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். ஆங்கிலேயச் சின்ன மரபில் வானத்து நட்சத்திரத்தை வரைந்தால் கதிர்கள் நெளிநெளியாக இருக்கும். ஐந்து நேர்முனைகளோடு வரைவது குதிரை வீரன் குதிகாலில் கட்டும் முள்சக்கரத்தை. ஆகவே இந்தக் கேடயத்தில் இருப்பது வானம் அல்ல, குதிரை. நிறங்களுக்கும் விதி உண்டு. பொன்னும் வெள்ளியும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா எல்லாம் வண்ணம். உலோகத்தின் மேல் வண்ணமோ, வண்ணத்தின் மேல் உலோகமோதான் வரலாம். முகம் மூடிய இரும்புத் தொப்பிக்குள் இருப்பவர் நண்பரா பகைவரா என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்ற தேவைக்கு ஏற்ற விதி. வெள்ளைமேல் சிவப்பு அந்தத் தேவைக்குக் கச்சிதம்.

ஒரே சின்னத்தை இருவர் அணிந்து வந்தால்? வழக்குதான். 1385இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில், நீலத்தின் மேல் பொன்னிறச் சாய்வுப் பட்டை என்ற சின்னத்தோடு ஸ்குரோப், கிராஸ்வெனர் என இருவர் வந்து நின்றார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். கவிஞர் ஜெஃப்ரி சாசரும் அவர்களில் ஒருவர். ஸ்குரோப் வென்றார். ஒரு கேடயத்துக்காக இத்தனை பேர் நீதிமன்றம் ஏறினார்கள் என்றால், அது வெறும் அலங்காரமாக இருந்திருக்க முடியாது.

வியாழன், வார்ட்டன்

லீட்ஸ் வழியாக கார்ன்ஃபோர்த். சன்னலுக்கு வெளியே முழுக்க ஆட்டுப் பட்டிகளும் கல்வேலிகளும் மழையும். 1290களில் ராபர்ட் டி வாஷிங்டன் என்பவர் ஜோன் டி ஸ்டிரிக்லாந்தை மணந்து இந்தப் பக்கம் வந்தார். இளைய கிளை அப்படித்தான் மேற்குக் கரையோரம் வேர்விட்டது. ரயில் நிலையத்திலிருந்து வார்ட்டன் நடக்கும் தூரம். செயின்ட் ஆஸ்வால்டு தேவாலயத்தின் கோபுரத்தில் இருந்த குலச்சின்னக் கல் காற்றிலும் மழையிலும் அரித்துப்போனதால் உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பட்டைகளை விரலால் தொட்டால்தான் உணர முடியும். நனைந்த காலணியோடு சீக்கிரமே திரும்பிவிட்டேன்.

வெள்ளி, சல்கிரேவ்

பான்பரியில் இறங்கி டாக்சி. வார்ட்டன் கிளையில் பிறந்த லாரன்ஸ் வாஷிங்டன் தெற்கே வந்து கம்பளி வணிகத்தில் பொருள் சேர்த்து, 1532இல் நார்தாம்ப்டன் மேயரானார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து நிலங்களைப் பறித்துக்கொண்டிருந்த காலம். நார்தாம்ப்டனின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மடத்துக்குச் சொந்தமாயிருந்த சல்கிரேவை 1539இல் அரசிடமிருந்து லாரன்ஸ் விலைக்கு வாங்கினார். விலை 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸ்.

டர்ஹாமில் ஒரு வாஷிங்டன் மடத்தின் தலைவர். அவர் காலமாகி நூறாண்டு ஆகும் முன்பே இன்னொரு வாஷிங்டன் கலைக்கப்பட்ட மடத்தின் நிலத்தை வாங்கி வீடு கட்டுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு, ஒரு குடும்பத்துக்குத் தொடர்ச்சியான ‘குணம்’ உண்டு என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. தொடர்ந்து வந்தது பெயரும் கேடயமும்தான்.

வீட்டின் நுழைவு மாடத்தைப் பார்க்கவே ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. மேலே முக்கோண முகப்பில் சுண்ணச் சாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் அரச சின்னம். கீழே கதவு வளைவின் இரு மூலைகளிலும் கல்லில் வாஷிங்டன் கேடயம், உள்ளங்கையளவுதான். அரசியின் சிங்கம் தலைக்கு மேல், வீட்டுக்காரரின் சின்னம் தோளுயரத்தில். தன் இடம் எது என்று அந்தக் கம்பளி வணிகருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் ஒரே சுவரில் சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்திருக்கிறது.

இந்த லாரன்ஸிலிருந்து எண்ணினால் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் எட்டாம் தலைமுறை. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நூறாண்டு அமைதி நிலவியதைக் கொண்டாட 1914இல் பொது நிதியில் இந்த வீட்டை வாங்கி, 1921இல் மக்களுக்குத் திறந்தார்கள். கடையில் விற்கும் பொருள்களில் பாதி, அமெரிக்கக் கொடி இந்தக் கேடயத்திலிருந்தே பிறந்தது என்ற எண்ணத்தைத் தூண்டுகின்றன. அந்தக் கதைக்குச் சமகாலச் சான்று கிடையாது. 1777ஆம் ஆண்டுத் தீர்மானம் 13 பட்டை, நீலத்தில் 13 வெள்ளை நட்சத்திரம் என்று மட்டுமே சொல்கிறது. உண்மையாகவே இந்தக் கேடயத்தை அப்படியே எடுத்துக்கொண்ட கொடி வாஷிங்டன் நகரத்தினுடையது. அது வந்தது 1938இல். அதற்கு முன் 1932இல், போரில் காயம்பட்ட அமெரிக்க வீரருக்குத் தரும் ஊதா இதயப் பதக்கத்தின் உச்சியிலும் இதை வைத்தார்கள்.

சனி, கிரேட் பிரிங்டன்

சல்கிரேவ் செழிப்பு மூன்று தலைமுறை தாங்கவில்லை. நிலத்தை விற்றுவிட்டு, உறவினரான ஸ்பென்சர் பிரபுக்களின் ஆல்தார்ப் மாளிகைக்கு அருகே குடும்பம் ஒதுங்கியது. கிரேட் பிரிங்டனின் செயின்ட் மேரி தேவாலயம் அந்த ஸ்பென்சர்களின் இடுகாடு. இளவரசி டயானா பிறந்த குடும்பம். இரும்புக் கம்பிக்குப் பின்னால் பளிங்கிலும் வண்ணத்திலும் அவர்களுடைய கல்லறைகள் நெருங்கி நிற்கின்றன.

ஸ்பென்சர்கள் ஆடு வளர்த்துப் பணம் சேர்த்தவர்கள். அவர்களுடைய முதல் சின்னத்தில் கடற்பறவைத் தலைகள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், இடைக்காலத்து டெஸ்பென்சர் பெருங்குடியின் வழித்தோன்றல்கள் என்று ஒரு வம்சாவளி தயாரிக்கப்பட்டு, அந்தக் குடியின் கேடயம் இவர்களுடையதாயிற்று. பல நூற்றாண்டு கழித்து வரலாற்றாய்வாளர் ஜே. எச். ரவுண்டு அந்த வம்சாவளி கட்டியெழுப்பப்பட்டது என்று நிறுவினார். பெயர் ஒத்துப்போனதே கதைக்குக் கால்கோள்.

வாஷிங்டனின் கல்லைத் தேட வேண்டும். பீடத்தை ஒட்டித் தரையோடு பதித்த ஒரு பலகை. சல்கிரேவ் வீட்டைக் கட்டியவரின் பேரரான இன்னொரு லாரன்ஸ், 1616 டிசம்பர் 13இல் இறந்தவர். மனைவி மார்கரெட் பட்லர். 8 மகன்கள், 9 மகள்கள் என்று கல்லே சொல்கிறது. மண்டியிட்டுப் பார்த்தேன். கேடயம் நடுவில் செங்குத்தாகப் பிளந்திருக்கிறது. ஒரு பாதி கணவர் வீட்டின் பட்டைகளும் முள்சக்கரங்களும், மறு பாதி மனைவி வீட்டினுடையது. பட்லர் குடும்பங்கள் பலவற்றின் சின்னத்தில் மூடியிட்ட கிண்ணங்கள் வருவது வழக்கம். பானம் பரிமாறும் பதவியிலிருந்து வந்த பெயர் அல்லவா? 1596இல் நாடகாசிரியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்த கேடயத்தில் ஈட்டி இருப்பதும் இதே வழியில்தான்; பெயரில் உள்ள ‘ஸ்பியர்’ என்றால் ஈட்டி.

கீழே நான்கடிச் செய்யுள் ஒன்று. தற்செயலாகவோ விரும்பியோ இதைப் பார்ப்பவனே, பகல் இரவுக்கு இடம் விடுவதுபோல வாழ்வு சாவுக்கு இடம் விடுகிறது. கதிரவன் மீண்டும் வந்து பகலை எழுப்புவதுபோல, புழுதியும் களிமண்ணுமான நம்மைக் கிறிஸ்து எழுப்புவார் என்கிறது. சொந்த ஊரில் நிலம் இழந்து, உறவினர் ஊரில் அடங்கிய மனிதருக்கு யார் எழுதினார்களோ, நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

ஞாயிறு, பர்லி, மால்டன்

எசெக்ஸ். அந்த 17 பிள்ளைகளில் ஒருவர் பாதிரியார் லாரன்ஸ். ஆக்ஸ்ஃபோர்டு பிரேஸ்னோஸ் கல்லூரியில் இருந்தவர், மணம் செய்துகொண்டு பர்லி என்ற குன்றுக் கிராமத்துக்குக் குருவாக வந்தார். உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்றதால் 1643இல் பதவியிலிருந்து துரத்தப்பட்டார். அவர்மேல் சுமத்திய குற்றச்சாட்டு, மதுக்கடையே கதியென்று கிடந்தார் என்பது. எதிரிகள் எழுதிய குற்றப்பத்திரிகையை அப்படியே நம்ப எனக்கு மனமில்லை. 1650களின் தொடக்கத்தில் வறுமையில் இறந்து மால்டனில் அடக்கமானார். அந்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தின் கோபுரம் முக்கோண வடிவம். சுற்றிச் சுற்றி வந்து மூன்று பக்கம்தானா என்று உறுதிசெய்துகொண்டேன். மாசசூசெட்ஸின் மால்டன் நகர மக்கள் 1928இல் கொடுத்த வாஷிங்டன் சன்னல் உள்ளே இருக்கிறது.

தந்தை இப்படிப் போனபின் மகன் ஜானுக்கு இங்கே என்ன இருந்தது? கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். 1657இல் வர்ஜீனியாவின் பொட்டோமாக் ஆற்றில் கப்பல் தரைதட்டியது. அங்கேயே தங்கி மணமுடித்தார். அவருடைய கொள்ளுப்பேரர் ஜார்ஜ். கேடயமும் ஜானோடு கடல் கடந்தது.

திங்கள், லண்டன்

குயின் விக்டோரியா தெருவில் செங்கல் கட்டடம், கறுப்பு இரும்புக் கதவில் பொன்பூச்சு. 1484இல் மூன்றாம் ரிச்சர்டு தொடங்கிய குலச்சின்னக் கல்லூரி, காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். இங்கிலாந்தின் கேடயங்கள் அனைத்துக்கும் பதிவேடு இங்கேதான். ‘ராஜா’ என்ற பதவியில் 3 பேர், அடுத்த படிகளில் 6 ஹெரால்டுகள், 4 பர்சுவிவான்ட்டுகள் என 13 அதிகாரிகள். கேள்வியோடு வருபவர்களைச் சந்திக்க முறைவைத்து ஒருவர் இருப்பார்.

அந்த மூன்று ராஜாக்களில் ஒருவரின் பதவிப்பெயர் கார்ட்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ். அதில் இருந்த ஐசக் ஹேர்டு, 1791இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்கே கடிதம் எழுதி அவர் குலமரபைக் கேட்டார். 1792 மே மாதம் பதில் வந்தது. இந்த விஷயத்தில் தான் மிகக் குறைந்த கவனமே செலுத்தியிருப்பதாக வாஷிங்டன் ஒப்புக்கொண்டார். முன்னோர் வடக்கு மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தார்கள், லங்காஷயரா யார்க்ஷயரா இன்னும் வடக்கா என்று நினைவில்லை என்று எழுதினார். ஆனாலும் தன் நூல்களில் ஒட்டிய சீட்டில் இந்தக் கேடயத்தை அச்சிட்டிருந்தார்.

இந்தத் தெருவிலிருந்து நடக்கும் தூரத்திலேயே ஒரு நினைவுப்பொருள் கடையில், எந்தக் குடும்பப் பெயரைச் சொன்னாலும் ‘உங்கள் சின்னம்’ என்று குவளையில் அச்சிட்டுத் தருகிறார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. கேடயம் வழங்கப்படுவது ஒரு மனிதருக்கு, அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு. பெயருக்கு அல்ல. ஸ்மித்துகள் எல்லாருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று இல்லை, வாஷிங்டன்களுக்கும் இல்லை.

ஜார்ஜுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அமெரிக்காவில் இந்தப் பெயரைத் தாங்குபவர்கள் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 1,63,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, சட்டப்படி ஒரு முழுப்பெயர் தேவைப்பட்டபோது இந்தப் பெயரைத் தேர்ந்தவர்கள் பலர். புக்கர் என்ற சிறுவன் பள்ளிக்குப் போன முதல் நாளில், மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்தான். தன் முறை வந்ததும் ‘புக்கர் வாஷிங்டன்’ என்று பதில் சொன்னான். பின்னாளில் டஸ்கீகீ கல்லூரியை வளர்த்தெடுத்த புக்கர் டி. வாஷிங்டன் அவர்.

ஆண்வழியில் பிரிட்டிஷ் முடிக்கு உட்பட்ட முன்னோர் இருந்ததை நிறுவும் அமெரிக்கருக்கு இந்தக் கல்லூரி கௌரவச் சின்னம் வழங்குகிறது. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அமெரிக்க அடிமைக் கணக்கேடுகளில் வயதும் பாலினமும் நிறமும் இருக்கின்றன, உடைமையாளரின் பெயர் இருக்கிறது, அடிமைகளின் பெயருக்குப் பத்தியே இல்லை. தந்தையின் பெயரையே ஏடு மறுத்த மக்கள் எந்த ஆண்வழியை நிறுவுவார்கள்? வில்லியம் டி ஹெர்ட்பர்ன் நிலத்தைப் பெற்று இந்தப் பெயரை எடுத்தார். புக்கர் நிலம் எதுவும் இல்லாமல், வாயால் சொல்லி எடுத்தார். இருவருக்கும் அது சமமாக உரியது என்பதே என் முடிவு. ஓல்டு ஹாலிலும் சல்கிரேவிலும் அந்தப் பெயரின் வரலாற்றைச் சொல்லும்போது புக்கரையும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு இடங்களுக்கும் கடிதம் எழுதி இன்று மாலை அஞ்சலில் சேர்த்துவிட்டேன்.